ஆஸ்டர்லிட்ஸ் 1805: ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமமான ஆளுங்க, படையை அடுக்கின விதம் மட்டும் வேற வேற

நெப்போலியன் காலத்து சண்டை எதையாவது படிக்க உக்காந்தா ஆரம்பத்துலயே ஒரு நீளமான லிஸ்ட் வந்து நிக்கும். மூணாவது கோர், அதுக்குள்ள ஃப்ரியானோட டிவிஷன், அதுக்குள்ள பிரிகேடு, ரெஜிமெண்ட், பட்டாலியன்னு போயிட்டே இருக்கும். எதிர்ப்பக்கம் பாத்தா இந்த கோர் எல்லாம் இல்லாம முதல் அணி, ரெண்டாவது அணின்னு நம்பர் மட்டும் போட்டிருக்கும். நிறைய பேரு இந்த லிஸ்ட்டை அப்படியே தள்ளிவிட்டுட்டு நேரா சண்டைக்குப் போயிடுவாங்க, அப்பறம் ஆள் பலமும் பீரங்கியும் அதிகமா இருந்த பக்கம் ஏன் தோத்துச்சுன்னு புரியாம நெப்போலியன் ஒரு ஜீனியஸ்னு சொல்லி முடிச்சுடுவாங்க. ஜீனியஸ்தான், அதை யாரும் மறுக்கல. ஆனா ஆஸ்டர்லிட்ஸ்ல நடந்ததுல பெரிய பங்கு அந்த போரடிக்கிற லிஸ்ட்டுக்குள்ளயே இருக்கு. அதனால இங்க லிஸ்ட்டைப் பிரிச்சுப் பாப்போம்.

முதல்ல யாரு, எங்க, எதுக்கு

1805-ல இங்கிலாந்து, ரஷ்யா, ஆஸ்திரியா மூணும் சேந்து பிரான்ஸுக்கு எதிரா ஒரு கூட்டணி. அப்போ நெப்போலியன் இங்கிலாந்து மேல படையெடுக்கணும்னு கடற்கரையில பூலோன் பக்கம் ராணுவத்தை நிறுத்தி வச்சிருந்தார். ஆகஸ்ட் கடைசியில அந்தத் திட்டத்தை மூட்டை கட்டிட்டு மொத்தப் படையையும் கிழக்கு பக்கம் திருப்பினார். அக்டோபர் 20-ல உல்ம் ஊர்ல ஆஸ்திரிய ஜெனரல் மாக் தன் படையோட சரணடைஞ்சார், நவம்பர் 13-ல வியன்னா பிரெஞ்சு கைக்கு வந்துச்சு.

அப்பறம் டிசம்பர் 2. இடம் மொராவியா, ப்ரூன் ஊருக்கு கிழக்கால, இப்போ செக் நாட்டுல இருக்கு, ஆஸ்டர்லிட்ஸ்க்கு இப்போதைய பேர் ஸ்லாவ்கோவ். ஒரு பக்கம் நெப்போலியன், இன்னொரு பக்கம் ரஷ்ய ஜார் அலெக்ஸாண்டரும் ஆஸ்திரியப் பேரரசர் ஃப்ரான்சிஸும். மூணு பேரரசர் சண்டைன்னு இதுக்கு ஒரு பேரே உண்டு. பிரெஞ்சு பக்கம் சுமார் 73,000 பேரு, கூட்டணி பக்கம் சுமார் 85,000, அதுல பெரும்பகுதி ரஷ்யர்கள். பீரங்கி பொதுவா சொல்ற கணக்குப்படி பிரெஞ்சு 139, கூட்டணி 278, அதாவது சரியா ரெண்டு மடங்கு.

கீழ இருந்து மேல வரைக்கும்: அந்த வார்த்தைங்களுக்கு என்ன அர்த்தம்

கீழ இருக்கற ஆள் கணக்கு எல்லாம் தோராயம்தான், ஏன்னா பேப்பர்ல ஒரு நம்பர் இருக்கும், நடந்து நடந்து நோய்வாய்ப்பட்டு சண்டைக்கு வந்து சேரும்போது வேற நம்பர் இருக்கும்.

1. கம்பெனி. சுமார் 100 பேரு, ஒரு கேப்டன். சிப்பாய்க்கு தன்னோட உலகமே இதுதான்.

2. பட்டாலியன். பல கம்பெனி சேந்தது, களத்துல 600லேர்ந்து 800 பேரு. சண்டையில நகத்தற அடிப்படைக் காய் இதுதான், வரிசையா நின்னு சுடறது, நெருக்கமா சேந்து முன்னேறறது, குதிரைப்படை வந்தா சதுரமா நிக்கறது எல்லாமே பட்டாலியன் கணக்குலதான். நம்ம பட்டாளம்ங்கற சொல்லுக்கும் இதுக்கும் உறவு உண்டுன்னு சொல்றவங்க இருக்காங்க.

3. ரெஜிமெண்ட். ரெண்டு மூணு பட்டாலியன், ஒரு கர்னல். கொடி, சம்பளம், பெருமை, ஆள் சேக்கறது எல்லாம் இங்க. இந்த அளவு வரைக்கும் ஐரோப்பாவுல எல்லா ராணுவமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான், பிரெஞ்சு சிப்பாயும் ரஷ்ய சிப்பாயும் இதுல பெருசா வித்தியாசம் பாத்திருக்க மாட்டாங்க.

4. பிரிகேடு. ரெண்டு ரெஜிமெண்ட் மாதிரி.

5. டிவிஷன். ரெண்டு மூணு பிரிகேடு, கூட பீரங்கி, 5,000லேர்ந்து 8,000 பேரு.

6. கோர். எழுத்தைப் பாத்து கார்ப்ஸ்னு படிக்கறவங்க உண்டு, பிரெஞ்சு சொல், வாயில கோர்தான். ரெண்டுலேர்ந்து நாலு டிவிஷன், கூட சொந்தக் குதிரைப்படை, சொந்த பீரங்கி, எஞ்சினியருங்க, சாப்பாடு ஏற்பாடு பண்ற ஆளுங்க, உத்தரவு எழுதி அனுப்பற ஆபீஸ். தலைமை பெரும்பாலும் ஒரு மார்ஷல், அதாவது ஜெனரலுக்கும் மேல இருக்கற தளபதி. ஆள் 15,000லேர்ந்து 30,000 வரைக்கும்.

வித்தியாசம் ஆரம்பிக்கறது அஞ்சாவதுலயும் ஆறாவதுலயும். பிரான்ஸ்ல டிவிஷனும் கோரும் நிரந்தரமா இருந்துச்சு. ரஷ்யாவுலயும் ஆஸ்திரியாவுலயும் 1805-ல ரெஜிமெண்ட்டுக்கு மேல நிரந்தரமா சொல்லிக்கற மாதிரி எதுவும் கிடையாது, சண்டை வர்றப்போ கைல இருக்கற ரெஜிமெண்ட்டுங்களை சேத்துக் கட்டி ஒரு ஜெனரல் கையில குடுப்பாங்க. அப்படிக் கட்டின மூட்டைக்குத்தான் ஆங்கிலத்துல காலம்னு பேரு, தமிழ்ல அப்படி எழுதினா நேரம்னு ஆயிடும், அதனால அணின்னு வச்சுக்கறேன்.

கோர்னால என்ன லாபம்

இந்த ஐடியா நெப்போலியன் தலையில திடீர்னு உதிச்சது இல்ல. 18-ம் நூற்றாண்டுலயே பிரெஞ்சு ராணுவத்துல டிவிஷன் பத்தி யோசிச்சு எழுதியிருக்காங்க, புரட்சிக் காலத்துல டிவிஷன் நடைமுறைக்கு வந்துடுச்சு, 1800-ல பிரெஞ்சு ஜெனரல் மோரோ தன் படையை கோர் மாதிரி பிரிச்சுப் பாத்தார். நெப்போலியன் பண்ணது அதை மொத்த ராணுவத்துக்கும் ஒரே அச்சுல வார்த்தது.

லாபம் எங்கன்னா,

1. ரோடு. 70,000 பேரு ஒரே ரோட்ல நடந்தா முன்னாடி போறவன் ராத்திரி தங்கற எடத்துக்கு போய் சேரும்போது கடைசி ஆள் காலையில இருந்த எடத்துலேர்ந்து கிளம்பியே இருக்க மாட்டான். கோர் கோரா பிரிச்சு வேற வேற ரோட்ல விட்டா எல்லாரும் வேகமா நடக்கலாம்.

2. சாப்பாடு. பிரெஞ்சுப் படை பெரும்பாலும் போற வழியில கிராமங்கள்ல கிடைச்சதை எடுத்து சாப்பிட்டுதான் ஓடிச்சு (அந்த கிராமத்துக்காரங்க பாடு என்னன்னு தனியா எழுதணும்). எல்லாரும் ஒரே எடத்துல குவிஞ்சா ரெண்டே நாள்ல எல்லாம் காலி, பரவி நடந்தா தாங்கும்.

3. தனியா நிக்கற தெம்பு. இதுதான் முக்கியம். ஒரு கோர்ல காலாள், குதிரை, பீரங்கி மூணும் இருக்கறதால எதிரியோட மொத்தப் படையே எதிர்ல வந்தாலும் ஒரு நாள் தாக்குப்பிடிக்கும், அந்த ஒரு நாளுக்குள்ள பக்கத்து ரோட்ல வர்ற கோர் வந்து சேந்துடும். அதனால பிரிஞ்சு நடக்கறது ஆபத்தா இல்லாம வலையை விரிக்கற மாதிரி ஆயிடுது. உல்ம்ல மாக் மாட்டினது இந்த வலையிலதான்.

4. உத்தரவு. நெப்போலியன் 73,000 பேரைப் பத்தி யோசிக்க வேண்டாம், அஞ்சாறு மார்ஷலுக்கு சொன்னா போதும். இன்ன எடத்துக்குப் போ, இன்ன நேரத்துக்குள்ளன்னு நெப்போலியன் உத்தரவை எழுதி அனுப்பற பொறுப்புல இருந்த பெர்த்தியேவோட ஆபீஸ்லேர்ந்து கடிதம் போகும், எந்த பட்டாலியன் எப்படிப் போகணும்னு கீழ இருக்கறவங்க பாத்துப்பாங்க.

கூட இன்னொண்ணு. பூலோன் முகாம்ல ரெண்டு வருஷம் இந்த டிவிஷனுங்க பக்கத்து பக்கத்துல இருந்து ஒண்ணா பயிற்சி எடுத்தவங்க. ஜெனரலுக்கு தன் கர்னல் யாருன்னு தெரியும், கர்னலுக்கு பக்கத்து ரெஜிமெண்ட் எப்படி நடக்கும்னு தெரியும். இதை எந்த லிஸ்ட்லயும் எழுத முடியாது.

டிசம்பர் 2 காலையில பிரெஞ்சு பக்கம்

கோர் மொத்தம் ஏழு, எல்லாமும் இங்க இல்ல. மார்மோன், நே, ஓஜெரோ மூணு பேரோட கோரும் வேற எடங்கள்ல காவலுக்கு நின்னுச்சு. களத்துல இருந்தது இவ்வளவுதான்:

- வடக்கு பக்கம், ஓல்முட்ஸ் ரோட்டுல, லானோட 5-வது கோர். சாண்டன்ங்கற சின்னக் குன்று இவங்களோட நங்கூரம்.
- பக்கத்துல முராவோட ரிசர்வ் குதிரைப்படை. கவசம் போட்ட கியூராசியர் குதிரைவீரருங்க இங்கதான். ஒவ்வொரு கோருக்கும் லேசான குதிரைப்படை தனியா இருக்கும், கனமான குதிரைப்படையை மட்டும் நெப்போலியன் ஒரே கையில சேத்து வச்சுப்பார்.
- பின்னால பெர்னடோட்டோட 1-வது கோர், பெஸியேரோட இம்பீரியல் கார்டு (பேரரசரோட சொந்தக் காவல் படை), ஊதினோவோட கிரனேடியர் (பொறுக்கி எடுத்த காலாள்) டிவிஷன்.
- நடுவுல சூல்ட்டோட 4-வது கோர், இருக்கறதுலயே பெருசு. சென் இலேர், வந்தாம் ரெண்டு பேரோட டிவிஷனும் பனிமூட்டத்துக்குள்ள பிராட்ஸன் மேட்டுக்கு எதிர்ல. மூணாவதா லெக்ராண்ட் டிவிஷன் மட்டும் தெற்கால, டெல்னிட்ஸ், சோகோல்னிட்ஸ் கிராமங்களைப் பாத்துக்கிட்டு நீளமா மெலிசா பரவி நின்னுச்சு.
- அந்த மெலிசான தெற்கு முனைக்கு உதவியா தவூவோட 3-வது கோர்லேர்ந்து ஃப்ரியான் டிவிஷனும் கூட டிராகூன் குதிரைப்படையும். வியன்னாவுலேர்ந்து 100 கிலோமீட்டருக்கு மேல ரெண்டே நாள்ல நடந்து வந்தவங்க, வழியில விழுந்தவங்க போக மிச்சம் இருந்தவங்கதான் காலையில சண்டைக்கு வந்தாங்க.

தெற்கு முனையை வேணும்னே பலவீனமா காட்டினது தூண்டில். கூட்டணிப் படை அங்க வந்து மோதுவாங்க, அதுக்காக நடுவுல இருக்கற பிராட்ஸன் மேட்டைக் காலி பண்ணுவாங்கங்கறதுதான் கணக்கு.

கூட்டணி பக்கம்

பேருக்கு தலைமைத் தளபதி குத்தூசோவ். அவருக்கு சண்டை போடவே இஷ்டம் இல்ல, பின்வாங்கி இன்னும் படை வர்றதுக்கு காத்திருக்கலாம்ங்கறது அவர் கட்சி. ஆனா ஜார் பக்கத்துலயே இருக்கார், ஜாரைச் சுத்தி இளம் ஆளுங்க இருக்காங்க, திட்டம் போட்டது ஆஸ்திரிய அதிகாரி வைரோதர். அப்போ உண்மையில யார் தலைமைன்னு கேட்டா பதில் சொல்றது கஷ்டம்.

படையை இப்படிக் கட்டினாங்க:

1. டோக்துரோவ் கையில முதல் அணி, அதுக்கு முன்னால கீன்மாயரோட ஆஸ்திரிய முன்படை.
2. லான்ஜெரோன் கையில ரெண்டாவது. இவர் பிறப்புல பிரெஞ்சுக்காரர், புரட்சிக்கு அப்பறம் ரஷ்ய ராணுவத்துல சேந்தவர்.
3. ப்ரிபிஷெவ்ஸ்கி கையில மூணாவது. இந்த மூணுக்கும் மேல புக்ஸ்ஹோவ்டன். எல்லாம் சேத்து 40,000 பேருக்குப் பக்கத்துல, மேட்டை விட்டு இறங்கி தெற்கால பிரெஞ்சு வலது பக்கத்தை அடிக்கணும்.
4. கொலோவ்ராட்டும் மிலராடோவிச்சும் சேந்து நாலாவது. ஒரே அணிக்கு ஒரு ஆஸ்திரியர், ஒரு ரஷ்யர். ஆஸ்திரிய ஆளுங்கள்ல நிறைய பேரு புதுசா சேத்தவங்க.
5. லீக்டன்ஸ்டைன் கையில அஞ்சாவது, முழுக்க குதிரைப்படை.
6. வடக்கு பக்கம் பாக்ராத்தியோனோட படை, தனியா.
7. பின்னால ரிசர்வா ரஷ்ய இம்பீரியல் கார்டு, ஜாரோட தம்பி கான்ஸ்டன்டைன் கையில.

ஒரு அணிக்குள்ள இருந்த ரெஜிமெண்ட்டுங்க ஒண்ணா பழகினவங்க கிடையாது, சண்டைக்கு சில நாள் முன்னாடி கட்டின மூட்டை, அதையும் கடைசி நேரத்துல மாத்தினாங்க. ஆஸ்திரிய ராணுவம் இதுக்கும் மேல ஒரு கூத்து பண்ணியிருந்துச்சு, போருக்கு கொஞ்சம் முன்னாடிதான் மாக் பட்டாலியனோட உள் அமைப்பையே மாத்தினார், ஆறு கம்பெனியா இருந்தது நாலு கம்பெனி ஆச்சு. காகிதத்துல நல்ல சீர்திருத்தமா இருக்கலாம், ஆனா போருக்குக் கிளம்பற நேரத்துல சிப்பாய்க்கு தன் அதிகாரி யாருன்னே புதுசா தெரிஞ்சுக்க வேண்டி வந்தா அது சீர்திருத்தம் இல்ல, தலைவலி.

அப்பறம் அந்த ராத்திரி மீட்டிங். நடுராத்திரி தாண்டி வைரோதர் மேப்பை விரிச்சு வச்சு ஜெர்மன்ல நீளமா திட்டத்தைப் படிச்சார், குத்தூசோவ் உக்காந்தபடியே தூங்கிட்டார், டோக்துரோவ் மட்டும்தான் மேப்பை அக்கறையா பாத்தார்னு லான்ஜெரோன் பின்னாடி எழுதி வச்சிருக்கார். அதை ரஷ்யன்ல மொழிபெயர்த்து, நகல் எடுத்து, ஒவ்வொரு ஜெனரலுக்கும் அனுப்பி, அவர் படிச்சு தன் கர்னலுக்கு சொல்லி... அதுக்குள்ள விடிஞ்சே போச்சு.

கோர் இருந்திருந்தா இவ்வளவு நீளமா உத்தரவு எழுதவே தேவை இல்ல, அஞ்சாறு கடிதத்துல முடிஞ்சிருக்கும். இல்லாததாலதான் எந்த அணி எந்த கிராமம் வழியா போயி எங்க திரும்பணும்னு எல்லாத்தையும் மேல இருந்தே எழுத வேண்டி வந்துச்சு. அப்படி எழுதின திட்டத்துல ஒரு எடத்துல கோளாறு வந்தா சரி பண்ண நடுவுல யாருக்கும் அதிகாரம் இல்ல.

சண்டையில இது எங்கெங்க வெளிய வந்துச்சு

1. ஆரம்பமே டிராஃபிக் ஜாம். லீக்டன்ஸ்டைனோட குதிரைப்படை ராத்திரி தப்பான எடத்துல கூடாரம் போட்டிருந்துச்சு, காலையில வடக்கால போக வேண்டிய அவங்க தெற்கால இறங்கிட்டிருந்த காலாள் அணிகளுக்கு குறுக்கால புகுந்தாங்க. லான்ஜெரோன் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நிக்க வேண்டியதாச்சு. முதல் அணி தனியா போயி டெல்னிட்ஸ்ல மோதிக்கிட்டிருந்துச்சு.

2. தெற்கு முனை உடையல. பல மடங்கு ஆளுங்க வந்து மோதினாங்க, ஆனா ஒடைக்குப் பக்கத்துல கிராமத்து சந்துக்குள்ள எல்லா அணியும் நெருக்கி நின்னதால பின்னால இருக்கறவங்க சும்மாதான் நிக்க முடிஞ்சுது. எதிர்ல லெக்ராண்ட் ஆளுங்களும் தவூ ஆளுங்களும் வேற வேற கோர், ஆனாலும் சேந்து வேலை செஞ்சாங்க. கிராமம் பல தடவை கை மாறிச்சு.

3. பிராட்ஸன் மேடு. காலையில ஒன்பது மணி வாக்குல நெப்போலியன் சூல்ட்டைக் கூப்பிட்டு மேல ஏற எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டார், இருபது நிமிஷத்துக்குள்ளன்னு பதில், அப்போ இன்னும் கால் மணி நேரம் பொறுன்னு சொன்னார். அந்தக் கால் மணி நேரத்துல இன்னும் கொஞ்சம் பேரு மேட்டை விட்டு இறங்கிட்டாங்க. அப்பறம் சென் இலேரும் வந்தாமும் சுமார் 16,000 பேரோட பனிக்குள்ளேர்ந்து மேல ஏறினாங்க. மேல இருந்தது நாலாவது அணி மட்டும், அதுவும் நடந்து போற வரிசையில, சண்டைக்குத் தயாரா இல்ல. இங்க ஒரு பிரபலமான கதை உண்டு. ஏன் இன்னும் கிளம்பலன்னு ஜார் குத்தூசோவைக் கேட்டாராம், நாம என்ன பரேடு மைதானத்துலயா இருக்கோம் எல்லாரும் வர்ற வரைக்கும் காத்திருக்கன்னு, அதுக்கு குத்தூசோவ், பரேடு மைதானத்துல இல்லங்கறதாலதான் காத்திருக்கேன்னாராம். கடைசியில கிளம்பத்தான் செஞ்சார், வேற வழி?

4. நடுவுல ஆள் இல்ல. மேடு போனதும் குத்தூசோவுக்கு கன்னத்துல காயம், தெற்கால இருக்கற மூணு அணிக்கும் அவருக்கும் தொடர்பு அறுந்துடுச்சு. லான்ஜெரோன் அணியோட வால்ல இருந்த காமென்ஸ்கி பிரிகேடு மட்டும் தானா திரும்பி மேட்டுக்கு ஏறி நல்லா சண்டை போட்டுச்சு. அது ஒரு பிரிகேடு அளவுலயே நின்னுடுச்சு, 40,000 பேரையும் திருப்பற முடிவை எடுக்க வேண்டிய புக்ஸ்ஹோவ்டன் கீழயே நின்னார். ப்ரிபிஷெவ்ஸ்கி பிடிபட்டார்.

5. கடைசி ரிசர்வ். ரஷ்ய கார்டு குதிரைப்படை வந்து மோதினப்போ பிரெஞ்சு 4-வது லைன் ரெஜிமெண்ட்டோட ஒரு பட்டாலியன் சிதறி கொடிக்கம்பத்து உச்சியில இருக்கற கழுகுச் சின்னத்தையே பறி கொடுத்துச்சு, பிரெஞ்சுக்காரங்களுக்கு அன்னிக்கு மோசமான நிமிஷம் அதுதான். ஆனா நெப்போலியன் கிட்ட அனுப்ப இன்னும் ஆள் இருந்துச்சு. தன்னோட கார்டு குதிரைப்படையை அனுப்பினார், பெர்னடோட் கோர்லேர்ந்து ட்ருவே டெர்லோனோட டிவிஷன் வந்துச்சு. கான்ஸ்டன்டைனுக்குப் பின்னால யாரும் இல்ல.

எல்லாம் முடிஞ்சப்போ கூட்டணிக்கு செத்தது, காயம்பட்டது, பிடிபட்டது எல்லாம் சேத்து சுமார் 27,000, கூட 180 பீரங்கி. பிரெஞ்சு பக்கம் சுமார் 9,000. ரெண்டு நாள்ல ஆஸ்திரியாவோட போர்நிறுத்தம், டிசம்பர் 26-ல பிரெஸ்பர்க் ஒப்பந்தம்.

இதையே எல்லாத்துக்கும் காரணம்னு சொல்லலாமா

அப்படி சொன்னா பொய். பிரெஞ்சு பக்கமே லிஸ்ட்ல பாக்கற அளவுக்கு சுத்தமா இல்ல. லானோட கோர்ல அன்னிக்கு சண்டை போட்ட ரெண்டு டிவிஷன்ல சுஷேவோடது சூல்ட் கோர்லேர்ந்து வந்தது, கஃபரெல்லியோடது தவூ கோர்லேர்ந்து வந்தது. லானோட சொந்த கஸான் டிவிஷன் நவம்பர்ல ட்யூரன்ஸ்டைன்ல வாங்கின அடியில சுருண்டு போய் வியன்னாவுல இருந்துச்சு. ஆனா பாருங்க, டிவிஷனைக் கழட்டி வேற கோர்ல மாட்டினாலும் வேலை செஞ்சுது, ஏன்னா டிவிஷன் உள்ளுக்குள்ள உடையல. லேகோ மாதிரி. அதே ஆட்களை ரெஜிமெண்ட் ரெஜிமெண்ட்டா பிரிச்சுக் கலந்திருந்தா கதை வேற.

இன்னொரு பக்கம் பாக்ராத்தியோனைப் பாக்கணும். அவர் கையில காலாள், குதிரை, பீரங்கி மூணும் இருந்துச்சு, நவம்பர் மாசம் பூரா பின்படையா நின்னு அடி வாங்கி அடி குடுத்தவர், பேர்ல மட்டும் இல்லையே தவிர செயல்ல ஒரு குட்டி கோர் மாதிரிதான். லானும் முராவும் அன்னிக்கு பூரா அவரை இடிச்சாங்க, தோத்தாலும் ஒழுங்கா பின்வாங்கினார். ரஷ்ய சிப்பாய்க்கு தைரியம் பத்தலன்னு சொல்றவங்களுக்கு இந்த வடக்கு பக்கமே பதில்.

அப்பறம் எல்லாரும் காப்பி அடிச்சாங்க

ரஷ்யா 1806-லயே நிரந்தர டிவிஷன் அமைச்சுது, 1812-ல நெப்போலியன் உள்ள வர்றப்போ கோரும் இருந்துச்சு. பிரஷ்யா 1806-ல அவசர அவசரமா டிவிஷன் பிரிச்சுது, பழக நேரம் இல்லாம யேனா சண்டையில நெப்போலியன்கிட்ட நொறுங்குச்சு. ஆஸ்திரியா 1809 போருக்கு ஆர்ச்டியூக் சார்லஸ் தலைமையில கோர் கோரா வந்துச்சு, அஸ்பெர்ன் சண்டையில நெப்போலியனுக்கு நல்ல அடி விழுந்துச்சு.

1815 ஜூன்ல பிரஷ்யப் படையே நாலு கோர். 18-ம் தேதி தீல்மானோட 3-வது கோர் வாவ்ர் ஊர்ல தனியா நின்னு பிரெஞ்சு மார்ஷல் க்ருஷியைத் தாமதப்படுத்துச்சு, மத்த பிரஷ்யக் கோருங்க நெப்போலியனோட கடைசி சண்டையான வாட்டர்லூ களத்துக்கு நடந்தாங்க. ரெண்டு நாள் முன்னாடி, 16-ம் தேதி, பிரெஞ்சு 1-வது கோர் சுமார் 20,000 பேரோட ஒரே நாள்ல நடந்த லிக்னி, கத்ர் பிரா சண்டைகளுக்கு நடுவுல அங்க போ இங்க வான்னு மாறி மாறி வந்த உத்தரவுல அலைஞ்சு ரெண்டு சண்டையிலயும் சேராமலே பொழுதைக் கழிச்சுது. அந்தக் கோரோட தலைமை, ஆஸ்டர்லிட்ஸ்ல சரியான நேரத்துக்கு வந்து நின்ன அதே ட்ருவே டெர்லோன்.